நான் எடுத்துக் கொடுத்த மருந்து

இது மருந்தில்லை என்று எனக்கு முதலில் சொன்னது என் மகள் ரெமிஜியா. முந்தாநாள், குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து வந்து, புது ஓலையை மாதா படத்துக்குப் பின்னால் சொருக முக்காலியில் ஏறினாள். ஏறினவள் இறங்கவில்லை. "எம்மா, இது எப்படி இங்க வந்துச்சு?" என்றாள். அவள் கையில் அந்த நீலக் குழல் இருந்தது. தீர்த்தக் குப்பிக்கும் மெழுகுதிரிக்கும் நடுவில் நான்தான் அதை வைத்திருந்தேன். "தம்பியோட இழுப்பு மருந்துட்டி, பைய, கீழ போட்டுராத" என்றேன். அவள் அதை மோந்து பார்த்தாள். கோயம்புத்தூரில் ஆறு வருசமாக நர்சு வேலை பார்க்கிறவள். முக்காலியிலிருந்து இறங்கி, தம்பி வீட்டில் இல்லை என்று தெரிந்தும் சுற்றிலும் ஒருதரம் பார்த்துவிட்டு, "இது மருந்தில்லம்மா. சிகரெட். பேட்டரியில ஓடுத சிகரெட்" என்றாள். நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, சிரித்தேன். "பேட்டரியில டார்ச்சு எரியும், சிகரெட் எரியுமாட்டி?" என்று கேலி வேறு பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. என் தோளில் கையை வைத்து, ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டுக்காரர்களிடம் பேசுகிற அந்த மெதுவான குரலில் சொல்ல ஆரம்பித்தாள். அந்தக் குரலில் அவள் என்னிடம் இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறாள், அவள் அப்பாவுக்கு முடியாமல் போன அன்றைக்கு. அந்தக் குரல் காதில் விழுந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சொல் அப்புறம்தான் வந்தது.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலை பத்தே முக்கால். நெஞ்சுநோய் பார்க்கிற டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில், மாடியில், மூச்சைச் சோதிக்கிற அறைக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் என் மகன் ஜெனிஸ்டன், இருபத்துநாலு வயசு. இந்தப் பக்கம் நான். மடியில் கைப்பை, பைக்குள் கைக்குட்டையில் சுருட்டிய அந்தக் குழல். விரல் நீளச் சாமானுக்கு என்ன கனம் இருக்கும்? ஆனாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறேன், உள்ளே அது தானாகவே எரிந்து வெளிச்சம் காட்டிவிடுமோ என்று. செபமாலை விரலில் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை துக்க தேவரகசியம். ஆண்டவர் பூங்காவனத்தில் இரத்த வியர்வை வியர்த்த முதல் பத்து எப்படியோ முடிந்தது. இரண்டாம் பத்தில் ஏழாவது மணியில் நின்றுவிட்டேன். ஏழா, ஆறா? உள்ளே சோதிக்கிற அந்தப் பெண்பிள்ளை கத்துகிறது. "நல்லா இழுங்க, இன்னும் இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, விடாதீங்க!" சப்பரம் தூக்குகிறவர்களை உசுப்புகிற மாதிரி கத்துகிறது. அந்தச் சத்தத்துக்கு நானும் மூச்சை இழுத்திருக்கிறேன் போல, கதவைப் பார்த்தபடியே வாயைக் குவித்து, சத்தமில்லாமல் விடுகிறேன். விட்டுக்கொண்டே இருக்கிறேன். உள்ளே இருமல் கேட்கிறது. எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது, மாதாவே. ஐம்பத்தாறு வயசுக்காரி எனக்கு மூச்சு மிச்சம் இருக்கிறது, அவனுக்குத் தீர்ந்துவிட்டது. "பரவால்ல, தண்ணி குடிங்க. இன்னும் ரெண்டு தடவ ஊதணும்" என்கிறது அந்தப் பிள்ளை. அந்த மூச்சு எனக்குத் தெரியாத மூச்சா? அது உலகத்துக்கு வந்த நிமிசம் எனக்குத் தெரியும். பிறந்ததும் அவன் அழவில்லை. ஒரு நிமிசமோ அரை நிமிசமோ கழித்து நர்சம்மா காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினதும் ஒரு சின்ன விக்கல் மாதிரி வந்து, அப்புறம்தான் அழுகை. அந்த விக்கலுக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை. சோறு பிசைந்து ஒவ்வொரு உருண்டையாக ஊதி ஊதித்தான் கொடுத்திருக்கிறேன். சூடு பொறுக்காத பிள்ளை. முட்டியில் அடிபட்டு வந்தாலும் ஊது என்று காலை நீட்டுவான், மருந்து போட விடமாட்டான், ஊதினால் போதும். என் மூச்சில் ஆறின சோறுதான் அவன் உடம்பாக ஆனது. ஆறா, ஏழா? எட்டு என்று வைத்துக்கொள்கிறேன். அருள்நிறைந்த மரியே.

தை மாசக் கடைசியில்தான் அந்த வாசனை வந்தது. அவன் அறைக்குள் படுக்கை விரிப்பை மாற்றப் போனேன், மாம்பழ வாசனை. மரத்தில் பிஞ்சு கூட விடாத மாசத்தில் எங்கேயிருந்து மாம்பழம்? கட்டிலுக்கு அடியில் குனிந்து தோல் கிடக்கிறதா என்று தேடினேன், எறும்பு வந்துவிடுமே என்ற கவலை எனக்கு. ஒன்றும் இல்லை. ஆனால் நல்ல வாசனை, நான் அங்கேயே நின்று இரண்டு தரம் ஆசையாக இழுத்தேன். நானும் இழுத்தேனே, மாதாவே. பிறகு மேசையில் பார்த்தேன், செல்போன் வயரில் சொருகிக் கிடந்தது, பச்சை நிறத்தில், ஒரு முனை விசில் மாதிரித் தட்டையாக. வாய் வைக்கிற இடம் என்று பார்த்ததுமே தெரிந்தது. காலையில் அவன் இருமுகிற இருமல் எனக்கு ஏற்கெனவே ஒரு மாசமாகக் காதில் கிடந்தது. கீழ்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் மாமியாருக்குக் கரண்டில் போட்டு மூச்சு வாங்குகிற மிசின் இருக்கிறது, வாயில் மாட்டினால் புகை மாதிரி வரும், நானே போய்ப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். இது அதிலே சின்னது போல, ஆபீசுக்குக் கொண்டுபோகிற மாதிரி செய்திருக்கிறார்கள் என்று என் புத்தி கணக்காகச் சொல்லிவிட்டது. என் எட்டாம் வகுப்புப் படிப்பு எவ்வளவு சீக்கிரம் பதில் கண்டுபிடிக்கிறது! அப்பா மாதிரியே இவனுக்கும் இழுப்பு வந்துவிட்டது, எனக்குத் தெரிந்தால் நான் உடைந்துபோவேன் என்று மறைக்கிறான் என்று நினைத்தேன். நெஞ்சு வலித்தது, அதற்குள்ளேயே ஒரு சந்தோசமும் இருந்தது. இவ்வளவு பாசமா என்று. அன்றைக்குச் சாயங்காலம் அவன் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கையில் எடுத்துக் காட்டி, "எய்யா, இது மருந்தா? இழுப்புக்கா?" என்று கேட்டேன். அவன் பாதிப் பித்தானில் நின்றான். என்னைப் பார்த்தான், கையைப் பார்த்தான். "ம்" என்றான்.

அந்த ம். அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். ஆமா என்று சொல்லவில்லை. மருந்து என்று சொல்லவில்லை. கேள்வியும் என்னுடையது, பதிலும் என்னுடையது, நடுவில் ஒரு ம் மட்டும்தான் அவனுடையது. நான், "இது என்னது?" என்று மொட்டையாகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? நான் அப்படிக் கேட்கவில்லை. தப்பிக்க ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டுதான் கேட்டேன், பிள்ளை பிறந்ததிலிருந்து எல்லாக் கேள்வியையும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். பரீட்சை கஷ்டமா கேட்டிருந்தாங்களாய்யா? பஸ் லேட்டாய்யா? ம். அடுத்த நாள் விடியக்காலம் செபத்துக்கு எழுந்ததும் வயரிலிருந்து அதைக் கழற்றி, வாய் வைக்கிற இடத்தைச் சுத்தமான வெள்ளைத் துணியால் துடைத்து, தீர்த்தம் தொட்டுச் சிலுவை போட்டு, மாதா படத்தடியில் வைத்தேன். எட்டு மணிக்கு அவன் கப்பல் ஏஜென்சி ஆபீசுக்குக் கிளம்பும்போது எடுத்துக் கையில் கொடுத்தேன். "மருந்த மறந்துட்டுப் போவாதய்யா." அப்புறம் தினமும் அதுதான். சாப்பாட்டுப் பாத்திரம், தண்ணீர்ப் போத்தல், மருந்து. ஒரு நாள் பச்சை போய் நீலம் வந்தது, தீர்ந்துபோய்ப் புதுசு வாங்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் மறந்து படி இறங்கிவிட்டான், முந்தானையைச் சொருகிக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடிப்போய்க் கொடுத்தேன். வாங்கும்போது அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. அம்மா இப்படி மூச்சு வாங்க ஓடி வருகிறாளே என்ற கூச்சம் என்று நினைத்தேன். கோயில் வாசல் கடையில் வெள்ளித் தகட்டில் உருவம் விற்பார்களே, அங்கே போய் நுரையீரல் இருக்கிறதா என்று கேட்டேன், நேர்ச்சைக்கு. கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்தார். கண் இருந்தது, கால் இருந்தது, வயிறு, தொட்டில் பிள்ளை, வீடு கூட இருந்தது. "நுரையீரல யாரும்மா கேக்கா? நெஞ்சு இருக்கு, வாங்கிட்டுப் போங்க, அதுக்குள்ளதான கிடக்கு" என்றார். வாங்கிக் காணிக்கைப் பெட்டியில் போட்டேன். மாதாவுக்குத் தெரியும் நான் எதைக் கேட்டேன் என்று. அவளுக்கு அது மருந்தில்லை என்பதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஐம்பது நாள் தன் காலடியில் வைத்துக்கொண்டிருந்தாளா?

அடுத்த நாற்காலியில் ஒரு பெரியவர். உப்பளத்தில் கங்காணியாக இருந்தாராம், வந்த இரண்டு நிமிசத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். உள்ளேயிருந்து ஊதுங்க ஊதுங்க என்று கேட்கும்போதெல்லாம், டோக்கன் கொடுக்கிற பிள்ளையைப் பார்த்து, "ஏ தாயி, என்னையும் இப்படிக் கத்துவாளா அவ? நான் ஊதுனதெல்லாம் பீடியிலயே முடிஞ்சு போச்சு, இனி ஊத என்ன இருக்கு?" என்கிறார். "கத்தலன்னா நீங்க தூங்கிருவீங்க தாத்தா" என்கிறது அது. அவர் சிரிக்கிறார், சிரிப்பு பாதியில் விசிலாக மாறுகிறது. அந்த விசில் எனக்குத் தெரியும். பதினோரு வருசம் என் பக்கத்தில் படுத்துக் கிடந்த விசில். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் விஞ்சு ஓட்டினவர், பகலெல்லாம் கப்பல் சாமானைத் தூக்கி இறக்கினவர், கடைசியில் தன் நெஞ்சைத் தூக்கி இறக்க முடியாமல் தலையணை மூன்றை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தே கிடந்தார். அவரைப் புதைத்துவிட்டு வந்த அன்று ஜெனிஸ்டன் அலமாரியிலிருந்த பீடிக் கட்டை எடுத்து, ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சாக்கடையில் போட்டான். பிறகு மாதா படத்து முன்னால் நின்று, "பீடி, சிகரெட் கையால தொட மாட்டேம்மா, சத்தியம்" என்றான். பதினெட்டு வயசு. மீசை அப்போதுதான். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் நான் இந்த ஆறு வருசம் தூங்கினேன். அதை அவன் மீறினானா? ரெமிஜியாவிடம் அதைத்தான் கேட்டேன். "இது பீடி இல்லல்லா, சிகரெட்டும் இல்ல, ஆவிதான, நாமளும் சளி பிடிச்சா நொச்சி போட்டு ஆவி பிடிக்கோம்லா" என்று நானே அவனுக்கு வக்கீலாக நின்றேன். அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். "தண்ணி ஆவின்னு சொல்லித்தாம்மா விக்கான். தண்ணி இல்ல. உள்ள கொழகொழன்னு ஒரு சரக்கு, அதுல நிக்கோடின், அதுல மாம்பழ வாசனை. வாசனை வாயில திங்கதுக்கு வேணா சரியா இருக்கும், சூடுபண்ணி நெஞ்சுக்குள்ள இழுத்தா அது வேற. பொடிப்பொடியா போய் அடிவரைக்கும் உக்காரும். மூச்சுக்குழா புண்ணாவும், வீங்கும். சில பேருக்கு ஒண்ணும் தெரியாது, சில பேருக்கு நுரையீரலே வெந்து போவும். நம்ம நாட்டுல விக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, ஒளிச்சு விக்கானுவ." வருசக்கணக்கில் இழுத்தால் என்ன ஆகும் என்று முழுசாக இன்னும் யாருக்கும் தெரியாது என்றாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பீடி குடித்த அவருக்கு என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும். இந்த வழியில் இவனுக்கு முன்னால் போனவர்கள் யாரும் இல்லை. "இப்ப விட்டா தேறிருவாம்மா, வயசுப் பையன். நீ கேளு. நான் கேட்டா சண்டையா முடியும். உங்கிட்ட அவன் பொய் சொல்ல மாட்டான்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். உங்கிட்ட பொய் சொல்ல மாட்டான். ம்.

நான் கேட்கவில்லை. அரிசி டிரம்மில் கைவிட்டு ஆழத்தில் புதைத்து வைத்தேன், அவ்வளவுதான் என் வீரம். நேற்றுக் காலையில் அவன் தேடினான். மாதா படத்தடியில் பார்த்தான், மேசை இழுப்பறையைத் திறந்தான், கட்டிலுக்கு அடியில் குனிந்தான். நான் தோசை சுட்டுக்கொண்டு முதுகாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னய்யா தேடுத?" "ஒண்ணுமில்லம்மா." மருந்து எங்கம்மா என்று கேட்டிருக்கலாம். ஐம்பது நாளாக அதன் பேர் மருந்துதானே இந்த வீட்டில். கேட்கவில்லை. தோசையைத் திருப்பிப் போடும்போதுதான் எனக்குப் பட்டது, இந்த ஐம்பது நாளில் ஒரு தடவை கூட அவன் வாயால் அதை மருந்து என்று சொன்னதில்லை. நான்தான் சொன்னேன், தினமும். அவன் வாங்கிக்கொண்டு, "வாரேம்மா" என்றுதான் போனான். அந்த ஒரு விசயத்தைப் பிடித்துக்கொண்டுதான் மாதாவே நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். பதினோரு மணிக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. இரண்டு மாடி ஏறினவன் மூச்சு விட முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டானாம், உதடு கறுத்துப்போச்சாம். இங்கே கொண்டுவந்து ஸ்கேன் எடுத்தார்கள். இன்றைக்குக் காலையில் டாக்டரம்மா அந்தப் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்கள். "குளிச்சுட்டு வந்து கண்ணாடி முன்னால மூச்சு விட்டா மங்கிப் போகுமில்ல, அந்த மாதிரி இருக்கும்மா. இங்க, இங்க. எதனாலன்னு எனக்குத் தெரியணும். காரணம் தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்கலாம். தெரியலன்னா நாளைக்கு நெஞ்சுக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணும்." பிறகு அவனிடம் கேட்டார்கள். "பீடி, சிகரெட் உண்டா தம்பி?" "இல்ல டாக்டர். தொட்டதே இல்ல." அது உண்மை. பிறகு என் பக்கம் திரும்பினார்கள். "வேற ஏதாவது பழக்கம் உண்டாம்மா, உங்களுக்குத் தெரிஞ்சு?" பை மடியில் இருந்தது. காட்டுவதற்காகத்தான் அரிசியிலிருந்து எடுத்துவந்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், காதுமடல் சிவந்திருந்தது, சின்ன வயசில் அடி விழப்போகிறது என்று தெரிந்தால் சிவக்குமே அப்படி. என் வாய் தானாகப் பேசிவிட்டது. "ஒண்ணும் கிடையாதும்மா. எம்பிள்ள தங்கம்." சேவல் கூவுமுன் ஆண்டவரைத் தெரியாது என்று இராயப்பர் மூன்று தடவை மறுதலித்தார். எனக்கு ஒரு தடவையே போதுமாக இருந்தது. சேவல் கூவவில்லை. டோக்கன் மிசின் டிங் என்று அடித்தது, அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். அவன் சொன்னது உண்மை, பொய் என்னுடையது. அந்தப் பொய்யை நம்பி நாளைக்குக் குழாய் விடுவார்கள்.

கதவு திறக்கிறது. மூன்றாவது தடவையும் ஊதிவிட்டான் போல, நான் கேட்கவே இல்லை, மணி எங்கே நிற்கிறது என்றும் தெரியவில்லை. மூக்கில் கிளிப் மாட்டின இடத்தில் இரண்டு சிவப்புத் தழும்போடு வெளியே வருகிறான். பின்னாலேயே அந்தப் பிள்ளை. "எம்மா, ரெண்டு இழுப்பு மருந்து குடுத்திருக்கேன். பதினஞ்சு நிமிசம் உக்காரட்டும், திரும்ப ஊதிப் பாக்கணும். அப்புறம் அப்படியே டாக்டரப் பாத்துருங்க." அதன் கையில் இருக்கிறது இழுப்பு மருந்து. வளைந்து, முழங்கை மாதிரி, மேலே ஒரு தகரக் குப்பி, கீழே மூடி. வெளிச்சம் இல்லை. வயர் இல்லை. பக்கத்தில் கொண்டுவந்தபோது மோந்து பார்க்கிறேன், பழ வாசனை கிடையாது. இதுதான் மருந்து. இவ்வளவு சாதாரணமாக இருக்கிறது. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலையைத் தூக்கினால், நான் பார்ப்பதை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். மெதுவாக என் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறான். அவன் மூச்சு கேட்கிறது. கங்காணிப் பெரியவர், "என்ன தம்பி, பாஸா பெயிலா?" என்கிறார். "தெரியல தாத்தா." "எனக்கு முன்னால இந்த வயசுல நீ எதுக்குல வந்து உக்காந்துருக்க?" என்றுவிட்டு, அவர் முறை வந்து, எழுந்து உள்ளே போகிறார். சுவர்க் கடிகாரத்தில் பதினோரு மணி அடிக்க இரண்டு நிமிசம். இரண்டாம் தேவரகசியம், ஆண்டவரைக் கற்றூணில் கட்டி அடித்தது. மாதா அப்போது எங்கே நின்றாள்? எங்கேயாவது கதவுக்கு வெளியேதான் நின்றிருப்பாள். ஆனால் அவள் அந்தச் சாட்டையைத் துடைத்து எடுத்துக் கொடுக்கவில்லை. இதை எப்படி ஆரம்பிக்க? கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கேட்கக் கூடாது. பதிலை உள்ளே வைத்துக் கேட்கக் கூடாது. கேட்கவே வேண்டாம், சொல்லிவிடலாம்.

"எய்யா."

"ம்?"

"நேத்து நீ தேடுனது எங்கிட்டதான் இருக்கு."

அவன் திரும்பவில்லை. எதிர்ச்சுவரில் டோக்கன் நம்பரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நம்பர் மாறுகிறது. "எப்பம்மா தெரியும்?" என்கிறான். "ஞாயித்துக்கிழம. அக்கா சொன்னா." "அப்ப டாக்டர்ட்ட ஏன் அப்படிச் சொன்ன?" "பொய் சொன்னேன்யா. புனித வாரத்துல." அவனுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து இருமலாகப் போகிறது. முதுகைத் தடவுகிறேன். சட்டைக்குள் எலும்பு தெரிகிறது, இது எப்போது மெலிந்தது, தினமும் சாப்பாடு கட்டிக் கொடுத்த எனக்கு இது எப்படித் தெரியாமல் போனது. இருமல் அடங்கினதும் தரையைப் பார்த்துப் பேசுகிறான், விட்டு விட்டு, ஊதுகிற மிசினுக்குக் கொடுத்ததுபோக மிச்சமிருக்கிற மூச்சில். "மருந்தான்னு நீ கேட்ட அன்னைக்கே... நாளைக்குச் சொல்லிரலாம்னுதாம்மா நெனச்சேன். விடிஞ்சு பாத்தா நீ அதுல தீர்த்தம் தெளிச்சு மாதா கிட்ட வச்சிருக்க. அதுக்கப்புறம் எப்படிம்மா சொல்ல?" மூச்சை இழுத்துப் பிடித்து, "வாயில வச்சா மாம்பழத்தோட மெழுகுதிரி வாசனையும் அடிக்கும்" என்கிறான். மூக்குத் தழும்பைத் தடவிக்கொண்டே, "புகை இல்ல, ஆவிதாம்னு கூட்டாளி ரோய்ஸ்டன் சொன்னான். துபாய்லருந்து வரும்போது கொண்டாந்தான். சத்தியத்த மீறலன்னு நெனச்சேன். மொதல்ல நெசமாவே நெனச்சேன். அப்புறம் நீ தெருமுன வரைக்கும் ஓடியாந்தியே, அன்னைக்கு விட்டுரணும்னு பாத்தேன். முடியலம்மா. ரெண்டு மணி நேரம் கூட முடியல." முடியலம்மா என்று அவன் சொல்லி எத்தனை வருசம் ஆகிறது. ஆறாம் வாய்ப்பாடு முடியவில்லை என்று சொன்னான், சைக்கிள் மேட்டில் மிதிக்க முடியவில்லை என்று சொன்னான், அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் நின்று முடியலம்மா என்று உதட்டால் மட்டும் சொன்னான். நான் ஒவ்வொரு தடவையும் என்ன செய்தேன்? ஊதினேன். இப்போது எங்கே ஊத? புண் உள்ளே இருக்கிறது.

"ஜெனிஸ்டன்! திரும்ப ஊத வாங்க. ரிப்போர்ட்டு பைலக் கையில எடுத்துக்கிடுங்க, அப்படியே டாக்டர் ரூமுக்குப் போயிரலாம்." பெரியவர் வெளியே வருகிறார், அவர் ஊதின ஊத்து எத்தனை மார்க்கு என்று டோக்கன் பிள்ளையிடம் தகராறு பண்ணிக்கொண்டே. ஜெனிஸ்டன் எழுந்திருக்கிறான். நான் பையைத் திறக்கிறேன். கைக்குட்டைக்குள் இரண்டு அரிசி ஒட்டியிருக்கிறது. என் விரல் பழக்கத்தில் அந்தத் தட்டை முனையைத் துடைக்கப் போகிறது, துடைக்கவில்லை, நிறுத்திக்கொள்கிறேன். அவன் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைக்கிறேன். தினமும் எட்டு மணிக்கு வைத்த அதே கை. விரல்கள் உடனே மூடவில்லை, என்னைப் பார்க்கிறான். அப்பா சாயல், கண் மட்டும் என்னுடையது. "நான் சொன்ன பொய்ய நானே வந்து எடுத்துக்கிடுதேன். பக்கத்துலதான் நிப்பேன். ஆனா எய்யா, இத மட்டும் மறந்துட்டுப் போவாத. உள்ள கொண்டுபோயி நீயே டாக்டரம்மா மேசையில வச்சுரு."